கூட்டம் திரும்பிவிட்டது, கல்லா ஏன் நிறையவில்லை? மாலத்தீவை வைத்து ஓர் எளிய விளக்கம்

2024ஆம் ஆண்டில் மாலத்தீவைப் பற்றி இரண்டு விதமான செய்திகள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஒன்று நல்ல செய்தி. அந்த ஒரே ஆண்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் அங்கே போனார்கள். அதுவரை அந்த நாடு காணாத கூட்டம். மற்றது கவலை தரும் செய்தி. மாலத்தீவால் வெளிக்கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்ட முடியுமா என்று சந்தேகப்பட்டு, நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் நிறுவனங்களான ஃபிட்ச், மூடிஸ் இரண்டுமே அதன் கடன் தரத்தைக் கீழே இறக்கின. அக்டோபரில் இந்திய ரிசர்வ் வங்கி கைகொடுக்க வேண்டி வந்தது.

கடையில் கூட்டம் நெரிகிறது, கல்லாவில் காசில்லை. இது எப்படி நடக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், சுற்றுலாவை நம்பிய ஒரு நாடு பெருந்தொற்றுக்குப் பிறகு எப்படி எழுகிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பது முழுக்கப் புரிந்துவிடும். பொருளாதாரம் படிக்காதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் அந்த நாட்டைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஏறக்குறைய 1,190 தீவுகள். மக்கள் ஊராகக் கூடி வாழ்வது அவற்றில் 200க்கும் குறைவானவற்றில்தான். வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து மக்கள்தொகை சுமார் 5 லட்சம். பவளத்தீவு வளையத்தை உலகம் முழுக்க ‘அட்டோல்’ என்கிறார்கள் அல்லவா, அந்தச் சொல்லே இவர்களின் திவேகி மொழியிலிருந்து போனதுதான். 1972இல் ‘குரும்பா’ என்ற பெயரில் முதல் ரிசார்ட்டைத் திறந்தார்கள். திவேகியில் அந்தச் சொல்லுக்கு இளநீர்க்காய் என்று பொருள். தென்னம்பிஞ்சை நாம் குரும்பை என்று சொல்வது நினைவுக்கு வந்தால் வியப்பில்லை, கடல் நடுவில் இருந்தாலும் பக்கத்து வீடுதான். அதற்கு முன்பு அவர்களுக்குப் பிழைப்பு மீன். சூரை மீனை அவித்து, புகையிட்டு, கல் போலக் காயவைத்த மாசியைத் தென்மாவட்டச் சமையலறைகள் நன்றாக அறியும். அரை நூற்றாண்டில் மீனின் இடத்தைச் சுற்றுலா பிடித்துக்கொண்டது. இன்று அந்த நாட்டு உற்பத்தியில் நேரடியாகவே கால் பங்கு அளவுக்குச் சுற்றுலாவிலிருந்து வருகிறது. படகோட்டுவது, கட்டடம் கட்டுவது, சாமான் இறக்குவது என்று அதைச் சுற்றி ஓடும் தொழில்களையும் கணக்கில் எடுத்தால் பங்கு இன்னும் பெரியது. டாலர் வரவை எடுத்துக்கொண்டால் சுற்றுலாவை விட்டால் அடுத்து சொல்ல மீன்தான் இருக்கிறது, அதுவும் எங்கோ பின்னால்.

‘சுற்றுலாவை நம்பிய நாடு’ என்பதன் பொருள் இதுதான். வருமானம் ஒரே வாய்க்காலில் வருகிறது, அந்த வாய்க்காலின் மதகு இன்னொருவர் கையில் இருக்கிறது. பயணி வருவதா வேண்டாமா என்பதை டெல்லியிலும் பெய்ஜிங்கிலும் மாஸ்கோவிலும் இருப்பவர் முடிவு செய்கிறார்.

2020 மார்ச் 27ஆம் தேதி மதகு மூடியது. வந்து இறங்கியதும் தரும் விசா நிறுத்தப்பட்டது, ரிசார்ட்டுகள் காலியாயின. அதற்கு முந்தைய ஆண்டு 17 லட்சம் பேர் வந்திருந்தார்கள். 2020இல் வந்தவர்கள் சுமார் 5.55 லட்சம், அதில் பெரும்பகுதி ஊரடங்குக்கு முன்பே வந்துவிட்டவர்கள். நாட்டின் மொத்த உற்பத்தி, அதாவது ஜிடிபி, அந்த ஓராண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. உலகிலேயே மிக மோசமான சரிவுகளில் ஒன்று அது. ஊழியர்கள் பலர் சம்பளமில்லா விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே வேலை பார்த்த நம்மவர்களையும் கப்பல் வைத்துத்தான் அழைத்துவர வேண்டியிருந்தது. இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா 2020 ஜூனில் தலைநகர் மாலேயிலிருந்து சுமார் 700 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது.

தாய்லாந்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2019இல் அங்கே போனவர்கள் கிட்டத்தட்ட 4 கோடிப் பேர். 2021இல் அது 4.5 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மாலத்தீவை விடப் பயங்கரமான வீழ்ச்சி. ஆனாலும் தாய்லாந்தின் ஜிடிபி 2020இல் சரிந்தது சுமார் 6 சதவீதம்தான். காரணம், அவர்கள் கார் செய்கிறார்கள், கணினி உதிரிபாகம் செய்கிறார்கள், அரிசியும் ரப்பரும் ஏற்றுமதி செய்கிறார்கள். சுற்றுலா என்ற ஒரு கை முறிந்தாலும் மற்றக் கைகள் உழைத்தன. மாலத்தீவுக்கு இருந்தது அந்த ஒரு கை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. மீட்சி என்ற சொல்லைச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம் இது உதவும். நூறு ரூபாய் வருமானம் 33 சதவீதம் குறைந்தால் 67 ரூபாய். அடுத்த ஆண்டு 33 சதவீதம் கூடினால் பழைய நிலை வந்துவிடும் என்று மனம் சொல்லும். வராது. 67 ரூபாயில் 33 சதவீதம் 22 ரூபாய்தான், 89இல் நின்றுவிடும். நூறுக்குத் திரும்ப ஏறக்குறைய 50 சதவீதம் வளர வேண்டும். மாலத்தீவு 2021இல் ஏறக்குறைய 40 சதவீதம் வளர்ந்தது. தலைப்புச் செய்திக்கு ஏற்ற எண். ஆனால் அந்த எண்ணைக் காட்டிய ஆண்டிலும் நாடு 2019இன் அளவைத் தொடவில்லை. 2022இல்தான் தொட்டது. பெரிய வளர்ச்சி விகிதத்தைக் கண்டால் ‘எந்தப் பள்ளத்திலிருந்து?’ என்று முதலில் கேளுங்கள்.

ஆனாலும் பயணிகளை அவர்கள் திரும்ப வரவழைத்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். 2020 ஜூலை 15ஆம் தேதியே நாட்டைத் திறந்துவிட்டார்கள். தனிமைப்படுத்தல் கிடையாது, எந்த நாட்டவர் என்ற பாகுபாடும் கிடையாது. பின்னர் பயணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று மட்டும் கேட்டார்கள். மற்ற நாடுகளுக்கு வாய்க்காத ஒரு வசதி அவர்களுக்கு இருந்தது. அங்கே ஒரு தீவு என்றால் ஒரு ரிசார்ட். பயணி விமான நிலையத்திலிருந்து படகிலோ கடல்விமானத்திலோ நேராக அந்தத் தீவுக்குப் போய்விடுகிறார். ஊர் மக்களோடு கலப்பதில்லை. சமூக இடைவெளி என்று உலகம் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது இவர்களுக்குக் கடலே இடைவெளியாக இருந்தது. வீட்டில் அடைந்து கிடந்து அலுத்துப்போன வசதியான இந்தியர்கள் அங்கே பறந்தார்கள். 2021இல் இந்தியாவிலிருந்து மட்டும் 2.9 லட்சம் பேர். பயணிகளை அனுப்பிய நாடுகளில் இந்தியா முதலிடம். அந்த ஆண்டு மொத்தம் 13 லட்சம், 2022இல் 16.7 லட்சம், 2023இல் 18.8 லட்சம்.

அடிபட்டு எழுந்த அனுபவமும் அவர்களுக்கு இருந்தது. 2004 டிசம்பர் சுனாமிக்கு முன் ஆண்டுக்கு 6.16 லட்சம் பேர் வந்த இடத்தில் 2005இல் 3.95 லட்சமானது, 2006இல் மறுபடி 6 லட்சம். ஆட்களைத் திரும்பக் கூப்பிடும் கலை அவர்களுக்குக் கைவந்தது.

அப்படியானால் சிக்கல் எங்கே? பயணி கொண்டுவரும் டாலரைப் பின்தொடர்ந்து போனால் தெரியும்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் நின்று பாருங்கள். நான் பல முறை நின்றிருக்கிறேன். மரத்தால் செய்த பெரிய தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வெங்காய மூட்டை, காய்கறி, செங்கல், ஜல்லி, சிமெண்ட் மூட்டை எல்லாம் ஒவ்வொன்றாகத் தோளில் ஏறி உள்ளே போகும். மூட்டை தூக்குபவர் கால் வைக்கும் பலகை ஒவ்வொரு நடைக்கும் வளைந்து நிமிரும். ‘எங்கண்ணே போகுது?’ என்று கேட்டால் ‘மாலத்தீவுக்கு’ என்பார்கள். முதல் முறை கேட்டபோது கல்லும் செங்கலும்கூடவா என்று தோன்றியது. பவளமணல் தீவில் கல் ஏது? ஆற்று மணல் ஏது? காய்கறி விளைய நிலம் எவ்வளவு? 2020 செப்டம்பரில் தொற்று உச்சத்தில் இருந்தபோதுகூட, தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலத்தீவின் வடக்கே உள்ள குல்ஹுதுஃபுஷிக்கும் மாலேவுக்கும் நேரடி சரக்குக் கப்பல் சேவை ஒன்றை இரு நாட்டு அரசுகளும் தொடங்கின. அந்தத் தீவுகளுக்கு வெளியிலிருந்து வரும் சரக்கு அந்த அளவுக்கு உயிர்நாடி.

இப்போது ரிசார்ட்டில் ஒருவர் ஆயிரம் டாலர் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தட்டில் இருக்கும் ஆப்பிளும் வெண்ணெயும் முட்டையும் வெளியிலிருந்து வந்தவை. அறைக்குக் குளிரூட்டும் மின்சாரம், டீசலில் ஓடும் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. டீசல் முழுக்க இறக்குமதி. பணியாளர்களில் கணிசமானோர் வங்கதேசம், இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். சம்பளத்தில் ஒரு பங்கு அவர்கள் வீட்டுக்குப் போகிறது, போகத்தான் வேண்டும். ரிசார்ட் வெளிநாட்டுக் குழுமத்துடையது என்றால் நிர்வாகக் கட்டணமும் இலாபமும் வெளியே போகும். சில நேரம் பயணி கொடுக்கும் பணம் வெளிநாட்டில் இருக்கும் முன்பதிவு நிறுவனத்தின் கணக்கிலேயே தங்கி, செலவுக்குத் தேவையானது மட்டும் மாலேவுக்கு வரும். ஆயிரம் டாலர் நாட்டுக்குள் நுழைந்ததாகப் புள்ளிவிவரம் சொன்னாலும், அதில் பெரும்பகுதி வந்த வழியே வெளியேறிவிடுகிறது. பொருளாதார நூல்கள் இதைக் கசிவு என்கின்றன. நம் ஊர்ப் பெண்கள் ஓட்டைப் பானை என்பார்கள், அது இன்னும் சரியான சொல்.

எனவே ‘எத்தனை பேர் வந்தார்கள்’ என்பது ஒரு கணக்கு. ‘எத்தனை டாலர் தங்கியது’ என்பது முற்றிலும் வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் மீட்சியைப் பற்றிப் பேசுவோர் செய்யும் முதல் தவறு என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சங்கதி கடன். பயணிகள் இல்லாத அந்த மாதங்களில் அரசுக்கு வரி வரவில்லை, ஆனால் செலவு நிற்கவில்லை. மருத்துவமனை, சம்பளம், வேலை இழந்தவர்களுக்கு மாதம் 5,000 ரூஃபியா (மாலத்தீவு நாணயம்) வரை உதவித்தொகை. அந்த உதவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது. பணத்துக்கு அரசு இரண்டு வழிகளில் போனது. கடன் வாங்கியது. தன் மத்திய வங்கியிடமே முன்பணம் எடுத்தது. அதற்குத் தடையாக இருந்த நிதிப் பொறுப்புச் சட்டத்தின் விதிகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது.

மத்திய வங்கியிடம் எடுப்பது என்றால் எளிய மொழியில் புதுப்பணம் அச்சடிப்பது போன்றது. இங்கேதான் சின்ன நாட்டின் துயரம் தெரிகிறது. மாலத்தீவு ரூஃபியாவை எத்தனை வேண்டுமானாலும் உருவாக்கலாம். டாலரை உருவாக்க முடியாது. மக்கள் கையில் ரூஃபியா கூடுகிறது. அதை வைத்து வாங்கப் போனால் கடையில் இருப்பதெல்லாம் இறக்குமதிச் சரக்கு. அதை வரவழைக்க வணிகருக்கு டாலர் வேண்டும். ரூஃபியா பெருகப் பெருக டாலருக்கு அடிபிடி. அரசு நிர்ணயித்த விலை ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்பது. வங்கியில் அந்த விலைக்குக் கேட்ட அளவு டாலர் கிடைக்காது. வெளிச்சந்தையில் அதற்கு மேல் கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் கூடுதல் விலை தக்காளியிலும் பால்மாவிலும் குழந்தையின் மருந்திலும் ஏறி, கடைசியில் சாதாரண வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

வெளிக்கடனுக்கும் இதே கதை. 2021இல் சுகுக் எனப்படும் இஸ்லாமிய முறைப் பத்திரங்கள் வெளியிட்டு 50 கோடி டாலர் திரட்டினார்கள். அதற்குக் கொடுக்க வேண்டிய விகிதம் ஆண்டுக்கு 9.875 சதவீதம். நெருக்கடியில் இருப்பவருக்கு மலிவாகக் கடன் தருவார் யாருமில்லை. தெருமுனை அடகுக்கடையிலும் அப்படித்தான், உலகச் சந்தையிலும் அப்படித்தான். அசலுக்கு 2026இல் கெடு. அரசின் கடனும் அரசு உத்தரவாதம் கொடுத்த கடனும் சேர்ந்து நாட்டின் ஓராண்டு உற்பத்தியையே தாண்டிவிட்டன. இதில் எல்லாமே தொற்றால் வந்ததல்ல. அதற்கு முன்பே பாலம், விமான நிலைய விரிவாக்கம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று பெரிய பெரிய திட்டங்களுக்குச் சீனாவிடமும் இந்தியாவிடமும் வாங்கிய கடன்கள் இருந்தன. தொற்று அந்தச் சுமையின் மேல் வந்து ஏறி உட்கார்ந்தது.

இப்போது 2024க்குத் திரும்புவோம். அந்நியச் செலாவணிக் கையிருப்பு என்பது ஒரு நாட்டின் அவசரப் பெட்டி. இறக்குமதிக்கும் வெளிக்கடனுக்கும் உதவ மத்திய வங்கி வைத்திருக்கும் டாலர். மாலத்தீவின் கையிருப்பு 2024 ஜூலையில் 40 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. அதிலும் குறுகிய காலத்தில் திருப்பித் தர வேண்டியவற்றைக் கழித்தால், உண்மையில் எடுத்துச் செலவழிக்கக்கூடியது மிகச் சொற்பம். இலங்கையில் 2022இல் பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தப் பெட்டி காலியானால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டாம். அங்கேயும் சுற்றுலா முடங்கியது காரணங்களில் ஒன்று, கடன் இன்னொன்று.

மாலத்தீவு அந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பியதற்கு நாணயப் பரிமாற்ற ஏற்பாடு பெரிய காரணம். 2024 அக்டோபரில் இந்திய ரிசர்வ் வங்கி 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் வரை எடுத்துக்கொள்ள வழி செய்தது. மாலத்தீவு தன் ரூஃபியாவை ஈடாகக் கொடுத்து டாலரை வாங்கிக்கொள்ளும், குறித்த காலத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் வாங்கும் கைமாற்று. மூச்சு விட நேரம் கிடைக்கும், கடன் தீராது.

அந்தப் பக்கத்து வீட்டு உறவும் அதே ஆண்டில் ஆட்டம் கண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் இந்தியப் பிரதமரைப் பற்றி எழுதிய சமூக ஊடகப் பதிவுகளால் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. 2023இல் 2.09 லட்சமாக இருந்த இந்தியப் பயணிகள் 2024இல் ஏறக்குறைய 1.3 லட்சமாகக் குறைந்தார்கள். அந்த இடத்தைச் சீனப் பயணிகள் நிரப்பினார்கள். எண்ணிக்கை சரிக்கட்டப்பட்டது உண்மைதான். ஆனால் சில பதிவுகளால் ஒரு நாட்டின் மிகப்பெரிய சந்தைகளில் ஒன்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்க முடியும் என்பதை நினைத்தால், நான் முன்பு சொன்ன மதகு எவ்வளவு எளிதாகத் திருகப்படக்கூடியது என்று புரியும்.

இனி என்ன வாய்ப்பு இருக்கிறது? கூட்டத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அது வரும். 2025 ஜூலையில் விமான நிலையத்தில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். தங்கும் டாலரைக் கூட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அதில் மூன்று வேலைகள் நடக்கின்றன, மூன்றும் ஒரே அளவு பயன் தருபவை அல்ல.

வரி உயர்த்துவது எளிய வழி. சுற்றுலாச் சேவை வரி 2023இல் 12 சதவீதத்திலிருந்து 16 ஆனது, 2025 ஜூலையில் 17. ரிசார்ட்டில் ஓர் இரவுக்கு ஒருவருக்கு 6 டாலராக இருந்த பசுமை வரி 2025 தொடக்கத்தில் 12 டாலர். ஓர் இரவுக்கு ஆயிரம் டாலர் கொடுப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது, ஓரளவுக்கு மேல் ஏற்றவும் முடியாது. இரண்டாவது, ரிசார்ட்டுகள் ஈட்டும் டாலரில் ஒரு பங்கை உள்ளூர் வங்கிகளில் கட்டாயம் மாற்ற வேண்டும் என்ற விதி. 2024 அக்டோபரில் பயணி ஒருவருக்கு 500 டாலர் என்று முதலில் அறிவித்தார்கள். ரிசார்ட் தரப்பிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. எதிர்ப்பு வந்ததே, விதி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. நாட்டின் கடலையும் மணலையும் காட்டிச் சம்பாதிக்கும் பணம் நாட்டு வங்கிக்குள் ஒரு முறையாவது வந்து போவது நியாயம்.

மூன்றாவதுதான் என் மனதுக்கு நெருக்கமானது: விருந்தினர் இல்லங்கள். 2009 வரை பயணிகள் ஊர்த் தீவுகளில் தங்க வழியில்லாமல் இருந்தது. அந்தக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு மாஃபுஷி போன்ற தீவுகளில் குடும்பங்களே நாலு அறை, ஆறு அறை என்று கட்டி வாடகைக்கு விட்டன. அங்கே தங்குபவரின் காலை உணவுத் தட்டைப் பாருங்கள். மஸ் ஹுனி: உதிர்த்த சூரை மீன், துருவிய தேங்காய், பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகாய், எலுமிச்சை, தொட்டுக்கொள்ள ரொஷி என்னும் ரொட்டி. மாவும் வெங்காயமும் வெளியிலிருந்து வந்தவைதான், ஆனால் மீன் அவர்கள் தூண்டிலில் பிடித்தது, தேங்காய் அவர்கள் மரத்தது. சமைப்பவர் அந்த வீட்டு அம்மா. படகுக்காரர் அடுத்த தெரு. ஆயிரம் டாலர் அங்கே வராது, நூறு டாலர்தான் வரும். அந்த நூறில் தங்குவது அதிகம். ஒரு தீவு முழுக்கப் பல கைகளில் பிரிந்து தங்குகிறது.

2020இல் நாட்டைத் திறந்தபோது எது முதலில் திறந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜூலை 15ஆம் தேதி ரிசார்ட்டுகள் திறந்தன. விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்தது அக்டோபர் 15ஆம் தேதி. ஊரில் தொற்று பரவிவிடக் கூடாது என்பது காரணம். அது சரியான காரணமும்கூட. ஆனால் மாஃபுஷி இருக்கும் அதே தெற்கு மாலே அட்டோலில் ரிசார்ட்டுத் தீவுகளும் இருக்கின்றன. அங்கே மறுபடி விருந்தினர்கள் வந்து இறங்கிய அந்த மூன்று மாதமும், வங்கிக் கடன் வாங்கி அறை கட்டியிருந்த குடும்பங்கள் பூட்டிய அறைகளோடு காத்திருந்தன.